மின்சாரம் வந்தும் எழாத சர்வர்: துவக்கக் கடவுச்சொல்லை எங்கே வைப்பது?

கேள்வி: நாமக்கல்லில் ஒரு லாரி போக்குவரத்து நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் கணினிப் பொறுப்பைக் கவனிக்கிறேன். டெல் பவர்எட்ஜ் டவர் சர்வர் ஒன்றில் உபுண்டு லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, லோடு புக்கிங், டிரிப் ஷீட், டீசல் கணக்கு ஆகியவற்றை நடத்துகிறோம். வெளியூர்க் கிளைகளும் இதே சர்வரோடுதான் இணைகின்றன. வேலையை விட்டுப் போன ஒருவர், போவதற்கு முன் பென் டிரைவிலிருந்து சர்வரைத் துவக்கி வாடிக்கையாளர் கோப்புகளை எடுத்துச் சென்றது பிறகு தெரியவந்தது. அதனால் மேலாளர் சொற்படி, சர்வர் இயங்கத் தொடங்கும்போதே கடவுச்சொல் கேட்கும்படி அமைத்தேன். போன சனிக்கிழமை பராமரிப்பு மின்நிறுத்தத்தின்போது யுபிஎஸ் தீர்ந்து சர்வர் அணைந்தது. மாலையில் மின்சாரம் வந்தபின் அது கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டது. திங்கள் காலை நான் வரும்வரை எல்லாக் கிளைகளிலும் எல்.ஆர். (லாரி ரசீது) கையால் எழுதப்பட்டது. மேலாளர் கடவுச்சொல் இருந்தே ஆக வேண்டும் என்கிறார். கிளைக்காரர்கள் எடுத்துவிடச் சொல்கிறார்கள். எந்தக் கடவுச்சொல்லை எங்கே வைப்பது? அது மறந்துபோனால் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

விளக்கத்துக்குப் போகும் முன், செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இயங்கத் தொடங்கும்போது கேட்கும் கடவுச்சொல்லை நீக்கிவிடுங்கள். ஆனால் அதை நீக்குவதற்கு முன்பே வேறொரு கடவுச்சொல்லை வேறோர் இடத்தில் வைத்துவிட வேண்டும். இந்த வரிசை மாறினால், பென் டிரைவோடு வருபவருக்கு வழி மறுபடியும் திறந்துவிடும்.

பவர்எட்ஜ் இயங்கத் தொடங்கும்போது எஃப்2 விசையை அழுத்தினால் அமைப்புத் திரை வரும். அதில் ‘சிஸ்டம் பயாஸ்’ (இயங்குதளத்துக்கு முன் ஓடும் அடிப்படை மென்பொருள்) என்பதற்குள் ‘சிஸ்டம் செக்யூரிட்டி’ என்ற பகுதியில் ‘சிஸ்டம் பாஸ்வேர்ட்’, ‘செட்டப் பாஸ்வேர்ட்’ என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. பெயர்கள் ஒன்றுபோல் இருப்பதால் அனுபவம் உள்ளவர்களும் இங்கே தடுமாறுகிறார்கள். சிஸ்டம் பாஸ்வேர்ட் என்பது ஒவ்வொரு முறை சர்வர் இயங்கத் தொடங்கும்போதும், இயங்குதளம் வட்டிலிருந்து ஏறுவதற்கு முன்பே கேட்கப்படுவது. மூன்று முறை தவறாக அடித்தால் சர்வர் அப்படியே நின்றுவிடும், அணைத்து இயக்கினால்தான் மீண்டும் கேட்கும். செட்டப் பாஸ்வேர்ட், அமைப்புத் திரைக்குள் போய் எதையேனும் மாற்ற முனைபவரிடம் மட்டும் கேட்கப்படுவது. சர்வர் வழக்கம்போல் துவங்குவதில் அது தலையிடாது. ஹெச்பி புரோலயன்ட் வைத்திருப்பவர்களுக்கும் இதே இரண்டும் உண்டு. எஃப்9 வழியே செல்லும் அமைப்பில், ‘சர்வர் செக்யூரிட்டி’ பகுதியில், ‘பவர்-ஆன் பாஸ்வேர்ட்’, ‘அட்மின் பாஸ்வேர்ட்’ என்ற பெயர்களில் அவை இருக்கும்.

நீங்கள் வைத்தது முதலாவது. மேசைக்கணினிக்கும் மடிக்கணினிக்கும் அது பொருந்தும், ஏனென்றால் அவற்றை இயக்குபவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். சர்வரோ பூட்டிய அறையில், பெரும்பாலும் திரையும் விசைப்பலகையும் இல்லாமல், யாரும் இல்லாத நேரத்திலும் தானாக எழுந்து வேலைக்கு வர வேண்டியது. அப்படிப்பட்ட ஒன்றிடம் நள்ளிரவில் மின்சாரம் திரும்பும்போது கடவுச்சொல் கேட்கச் சொன்னால், அதற்குப் பதில் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள். கிளைகளில் எல்.ஆர். கையால் எழுதப்பட்டதற்குக் காரணம் இதுதான்.

இந்தச் சிக்கல் புதியதன்று. சன் நிறுவனத்தின் ஸ்பார்க் சர்வர்களில் இருந்த ஓபன்பூட் என்ற துவக்க மென்பொருளில் பாதுகாப்புக்கு ‘நன்’, ‘கமாண்ட்’, ‘ஃபுல்’ என்று மூன்று நிலைகள் வைத்திருந்தார்கள். ‘கமாண்ட்’ நிலையில் வழக்கமான துவக்கம் எந்தக் கேள்வியும் இல்லாமல் நடக்கும். வேறு வட்டிலிருந்து துவக்கவோ அமைப்பை மாற்றவோ முயன்றால் கடவுச்சொல் கேட்கும். ‘ஃபுல்’ நிலையில் வழக்கமான துவக்கத்துக்கே கேட்கும், அதனால் மின்தடைக்குப் பிறகு ஆள் வந்தாக வேண்டும். பழைய காம்பாக் புரோலயன்ட்களில் ‘நெட்வொர்க் சர்வர் மோட்’ என்றொரு வசதி இருந்தது: சர்வர் தானாகத் துவங்கிக் கிளைகளுக்குச் சேவை செய்யும், கடவுச்சொல் தரும்வரை அதன் விசைப்பலகை மட்டும் பூட்டியிருக்கும். நமக்கு வேண்டியது ஸ்பார்க்கின் ‘கமாண்ட்’ நிலைதான். வழக்கமான வழியில் போவதைத் தடுக்கக் கூடாது. வழி மாறினால் கேட்க வேண்டும். இன்றைய பவர்எட்ஜில் அதை ஒரே கட்டத்தில் தேர்ந்தெடுக்க முடியாது என்பதால், சில அமைப்புகளை ஒன்றுசேர்த்து நாமே உருவாக்க வேண்டியிருக்கிறது.

செட்டப் பாஸ்வேர்டை வைத்து, அருகிலுள்ள ‘பாஸ்வேர்ட் ஸ்டேட்டஸ்’ என்பதை ‘லாக்டு’ என்று மாற்றுங்கள். அப்படிப் பூட்டாவிட்டால், செட்டப் பாஸ்வேர்ட் தெரியாத ஒருவர் சிஸ்டம் பாஸ்வேர்டைப் புதிதாக வைத்துவிட்டுப் போக வாய்ப்பு இருக்கிறது. மனக்கசப்போடு வெளியேறும் ஊழியர் செய்யக்கூடிய விஷமங்களில் அதுவும் ஒன்று.

பிறகு துவக்க வரிசைக்கு வாருங்கள். உபுண்டு இருக்கும் வட்டு முதலில் இருக்கட்டும். யுஎஸ்பி, டிவிடி, வலையமைப்பு வழித் துவக்கம் ஆகியவற்றைக் கீழே தள்ளுவதோடு நிறுத்தாமல், பட்டியலிலிருந்தே செயலிழக்கச் செய்யுங்கள். கீழே இருந்தால், வட்டில் கோளாறு வந்தாலோ யாரேனும் வட்டை இழுத்துவிட்டாலோ அவற்றுக்கு முறை வந்துவிடும். வலையமைப்பு வழித் துவக்கமான பிஎக்ஸ்இ-யை ‘நெட்வொர்க் செட்டிங்ஸ்’ பகுதியில் தனியே அணைக்க வேண்டும். ‘இன்டகிரேட்டட் டிவைசஸ்’ பகுதியில், பயனர் தொடக்கூடிய யுஎஸ்பி துளைகளில் பின்பக்கத்தவை மட்டும் இயங்கும்படி அமைக்கலாம், எல்லாவற்றையும் அணைக்கவும் செய்யலாம். டவர் சர்வரில் முன்பக்கத் துளைதான் எல்லோர் கைக்கும் எட்டுவது என்பதால், உங்களுக்குப் பின்பக்கத்தவை மட்டும் போதும். எல்லாவற்றையும் அணைத்தால் அவசரத்தில் விசைப்பலகை செருகக்கூட இடம் இருக்காது.

ஒருமுறை மட்டும் வேறு இடத்திலிருந்து துவக்க உதவும் எஃப்11 பட்டியலை மறந்துவிடாதீர்கள். உங்கள் பென் டிரைவ்காரர் துவக்க வரிசையை மாற்றியிருக்கவே தேவையில்லை. இந்தப் பட்டியலே அவருக்குப் போதுமாக இருந்திருக்கும். செட்டப் பாஸ்வேர்ட் வைத்தால் இந்தப் பட்டியலும் தானாகப் பூட்டிக்கொள்ளும் என்று பலர் எண்ணுகிறார்கள். எல்லாக் கணினிகளும் அப்படி நடந்துகொள்வதில்லை. புரோலயன்டில் எஃப்11 பட்டியலையும், எஃப்10 வழியே வரும் நிறுவல் வசதியையும் தனித்தனியே அணைக்கும் தெரிவுகள் இருக்கின்றன. உங்கள் சர்வரில் நீங்களே ஒரு உபுண்டு பென் டிரைவைச் செருகி, எஃப்11 அழுத்தி, என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். ‘செக்யூர் பூட்’ போட்டிருக்கிறோமே, அது தடுக்காதா என்று மேலாளர் கேட்கக்கூடும். தடுக்காது. செக்யூர் பூட் சரிபார்ப்பது மென்பொருளின் கையொப்பத்தைத்தான். பென் டிரைவில் இருக்கும் உபுண்டுவும் முறையான கையொப்பத்தோடுதான் வருகிறது என்பதால், அது தாராளமாக உள்ளே வரும்.

இனி மின்சாரம். சிஸ்டம் பாஸ்வேர்டை எடுத்துவிட்டால் மட்டும் சர்வர் தானாக எழுந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். அதே சிஸ்டம் செக்யூரிட்டி பகுதியில் ‘ஏசி பவர் ரிகவரி’ என்ற தெரிவு இருக்கிறது. அதற்கு ‘லாஸ்ட்’, ‘ஆன்’, ‘ஆஃப்’ என்று மூன்று மதிப்புகள். ‘லாஸ்ட்’ என்றால் மின்சாரம் போவதற்கு முன் சர்வர் எந்த நிலையில் இருந்ததோ அதே நிலைக்குத் திரும்பும். கேட்பதற்கு இதுவே சரியானதாகத் தோன்றும். ஆனால் யுபிஎஸ்ஸோடு தகவல் கேபிள் இணைத்து, பேட்டரி குறைந்ததும் உபுண்டு தன்னை முறையாக அணைத்துக்கொள்ளும்படி அமைத்திருந்தால், மின்சாரம் முற்றிலும் போகும் வேளையில் சர்வர் ஏற்கெனவே அணைந்த நிலையில் இருக்கும். மின்சாரம் திரும்பியதும், முன்பு அணைந்திருந்தேன், இப்போதும் அணைந்தே இருக்கிறேன் என்று அது நிற்கும். உங்களுக்கு ‘ஆன்’ என்பதே பொருத்தம்.

அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பேட்டரி குறைந்து உபுண்டு தன்னை அணைத்துக்கொண்ட பத்தாவது நிமிடத்தில், யுபிஎஸ் முற்றிலும் தீர்வதற்கு முன்பே, மின்சாரம் வந்துவிட்டால் என்ன ஆகும்? சர்வரின் பார்வையில் மின்சாரம் போகவே இல்லை, ஆகவே திரும்பி வரவும் இல்லை. ‘ஆன்’ என்று அமைத்திருந்தும் அது எழாது. இதற்காகத்தான் நட் போன்ற யுபிஎஸ் மேலாண்மை மென்பொருள்களில், இயங்குதளம் அணைந்து முடியும் தறுவாயில் யுபிஎஸ்ஸுக்கே தன் வெளியீட்டைத் துண்டிக்கும்படி கட்டளை அனுப்பும் வசதி இருக்கிறது. துண்டித்த யுபிஎஸ், மின்சாரம் வந்ததும் வெளியீட்டை மீண்டும் தரும், சர்வரும் எழும். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் யுபிஎஸ் தீரும்வரை சர்வர் ஓடி, திடீரென அணைந்திருப்பதாகத் தெரிகிறது. அதாவது தகவல் கேபிள் இணைக்கப்படவில்லை, அல்லது அதைக் கேட்டு நடக்கும் மென்பொருள் இல்லை. தரவுத்தளம் ஓடும் சர்வருக்குத் துவக்கக் கடவுச்சொல் பிரச்சினையைவிட இது பெரிய ஆபத்து. இதை முதலில் சரிசெய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சர்வர் எழத் தொடங்கியபின் வழியில் நிற்கக்கூடிய இடம் இன்னொன்று. ‘எஃப்1/எஃப்2 பிராம்ப்ட் ஆன் எரர்’ என்ற அமைப்பு இயங்கும் நிலையில் இருந்தால், தொடக்கச் சோதனையில் ஏதேனும் பிழை தெரியும்போது, யாராவது எஃப்1 அழுத்தும்வரை சர்வர் காத்துக்கொண்டே இருக்கும். ஆள் இல்லாத அறையில் இதுவும் கடவுச்சொல் கேட்பதற்கு ஒப்பானதுதான், ஆகவே அணைத்துவிடலாம். ஆனால் அணைத்தால் கோளாறு சத்தமில்லாமல் தொடரும். அதை ஈடுகட்ட, பிழை எச்சரிக்கைகள் உங்கள் மின்னஞ்சலுக்கு வரும்படி, ஐடிராக் என்ற டெல்லின் தொலை மேலாண்மைப் பகுதியில் அமைத்துக்கொள்ளுங்கள். துவக்கம் தோற்றால் 30 வினாடி கழித்து மீண்டும் முயலும் ‘பூட் சீக்வன்ஸ் ரீட்ரை’ என்ற தெரிவு இயங்கும் நிலையில் இருக்கட்டும்.

பயாஸ் அளவில் இவ்வளவும் செய்து முடித்தாலும், அடுத்த வாசல் கிரப் எனப்படும் துவக்க மென்பொருளில் இருக்கிறது. உபுண்டு துவங்கும் வேளையில் எஸ்கேப் அல்லது ஷிப்ட் விசையால் கிரப் பட்டியலை வரவழைத்து, ‘இ’ விசையை அழுத்தி, துவக்க வரியின் கடைசியில் ஒரு சிறு சொற்றொடரைச் சேர்த்தால், எந்தக் கடவுச்சொல்லும் இல்லாமல் ரூட் எனப்படும் முழு நிர்வாக அதிகாரம் கிடைத்துவிடும். பென் டிரைவே தேவையில்லை. பட்டியலில் இருக்கும் ‘ரிகவரி மோட்’ இன்னும் எளிய வழி. உபுண்டுவில் ரூட் கணக்கு வழக்கமாகப் பூட்டப்பட்டிருப்பதால், அங்கே ரூட் கடவுச்சொல் கேட்கப்படுவதில்லை. ஆகவே கிரப்புக்கும் கடவுச்சொல் வேண்டும். ரெட்ஹேட் வகை லினக்ஸ்களில் இதற்கென ஒரே கட்டளை உண்டு. அது கிரப் பட்டியலின் பதிவுகளைத் திருத்துவதற்கு மட்டும் கடவுச்சொல் கேட்கச் செய்து, வழக்கமான துவக்கத்தை அப்படியே விட்டுவிடும். உபுண்டுவில் நாமே கையால் செய்ய வேண்டும். இங்கேதான் உங்கள் சனிக்கிழமை இரவு மறுபடியும் நிகழ இடம் இருக்கிறது.

முறை இதுதான். கிரப்போடு வரும், கடவுச்சொல்லைப் பிபிகேடிஎஃப்2 முறையில் நீண்ட குறியீடாக மாற்றித் தரும் கட்டளையை இயக்கி, அந்தக் குறியீட்டைப் பெறுங்கள். கிரப் அமைப்புக் கோப்புறையில் இருக்கும் 40_கஸ்டம் என்ற கோப்பில், சூப்பர்யூசர் (கிரப்பின் நிர்வாகி) பெயரையும் இந்தக் குறியீட்டையும் எழுதுங்கள். இத்தோடு நிறுத்திவிட்டு கிரப்பைப் புதுப்பித்தீர்களானால், அடுத்த துவக்கத்தில் பட்டியலில் உள்ள எல்லாப் பதிவுகளும் கடவுச்சொல் கேட்கும். சர்வர் மீண்டும் கிரப் திரையில் நிற்கும். அதைத் தவிர்க்க, அதே கோப்புறையில் இருக்கும் 10_லினக்ஸ் கோப்பில், பதிவுகளின் வகையைக் குறிக்கும் வரியில் ‘அன்ரெஸ்ட்ரிக்டெட்’ என்ற சொல்லை, முன்னால் இரட்டைச் சிறுகோட்டோடு (--) சேர்க்க வேண்டும். இப்போது வழக்கமான துவக்கம் கேள்வியின்றி நடக்கும், திருத்த முயன்றால் மட்டும் கடவுச்சொல் கேட்கும். ஆனால் அந்த வரி மீட்பு நிலைப் பதிவுகளுக்கும் பொதுவானது; நாம் தந்த சலுகை அவற்றுக்கும் போய்ச் சேர்கிறது. எனவே கிரப்பின் பொது அமைப்புக் கோப்பில் மீட்புப் பதிவுகளையே உருவாக்காதபடி அணைத்துவிடுவது நல்லது. 40_கஸ்டம் கோப்பை மற்றப் பயனர்கள் படிக்க முடியாதபடி அனுமதியையும் குறையுங்கள். ரூட்டுக்குரிய இயக்க அனுமதியை மட்டும் எடுத்துவிடாதீர்கள், எடுத்தால் கிரப் அந்தக் கோப்பைக் கண்டுகொள்ளாமல் போய்விடும்.

நான் குறிப்பாக எச்சரிக்க விரும்புவது இதற்குப் பிந்தைய காலத்தைப் பற்றி. சில மாதங்கள் கழித்து கிரப் மென்பொருளுக்கு மேம்படுத்தல் வரும்போது, 10_லினக்ஸ் கோப்பு மாற்றப்பட்டிருக்கிறது, உங்கள் கோப்பையே வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா என்று கணினி கேட்கும். பழக்கத்தில் புதியது என்று சொல்லிவிட்டால், நீங்கள் சேர்த்த அந்த ஒரு சொல் காணாமல் போகும். சூப்பர்யூசர் வரி மட்டும் வேறொரு கோப்பில் பத்திரமாக இருக்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த மின்தடை வரும்போதுதான் தெரியும். ஆகவே ஒவ்வொரு கிரப் மேம்படுத்தலுக்குப் பிறகும் அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்ப்பதை உங்கள் வேலைக் குறிப்பேட்டில் ஒரு வரியாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இதனால் மேம்படுத்தலையே தள்ளிப்போட நினைக்காதீர்கள். 2015 டிசம்பரில் ஸ்பெயினின் வாலென்சியா பாலிடெக்னிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், கிரப் கடவுச்சொல் கேட்கும் இடத்தில் பேக்ஸ்பேஸ் விசையை 28 முறை அழுத்தினால் மீட்புக் கட்டளைத் திரை திறந்துவிடுகிறது என்று கண்டுபிடித்து வெளியிட்டார்கள். 1.98 பதிப்பிலிருந்தே அந்தக் குறை இருந்தது. நல்ல கடவுச்சொல் வைத்திருந்தும் பழைய பதிப்பிலேயே இருந்த சர்வர்களில் அந்தக் கடவுச்சொல்லுக்கு ஒரு பயனும் இல்லாமல் போயிற்று.

உங்கள் கடிதத்தில் ஐடிராக் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதுவே என்னைக் கவலைகொள்ள வைக்கிறது. சர்வர் அணைந்திருக்கும்போதும் விழித்திருக்கும் தொலை மேலாண்மைப் பகுதி அது. என்டர்பிரைஸ் உரிமம் இருந்தால், ஓர் உலாவி வழியாகவே சர்வரின் திரையைப் பார்க்கலாம், விசைகளை அழுத்தலாம், தன் கணினியிலுள்ள ஒரு வட்டுப் பிம்பத்தைச் சர்வரில் செருகிய டிவிடி போலக் காட்டி அதிலிருந்து துவக்கலாம். நாம் இவ்வளவு பாடுபட்டு மூடிய யுஎஸ்பி துளையை அது வலையமைப்பு வழியே திறந்துவிடுகிறது. பழைய தலைமுறைச் சர்வர்களில் இதன் ஆரம்பப் பயனர் பெயர் ரூட், கடவுச்சொல் கால்வின்; உலகம் முழுவதும் தெரிந்த இணை இது. 14ஆம் தலைமுறையிலிருந்து ஒவ்வொரு சர்வருக்கும் தனிக் கடவுச்சொல் அச்சிட்ட அட்டையோடு வாங்கும் வசதி வந்தது. உங்களுடையது எந்தத் தலைமுறையாக இருந்தாலும் இன்றே மாற்றுங்கள். ஐடிராக்கின் வலை இணைப்பை அலுவலகக் கணினிகள் இருக்கும் வலையமைப்பிலிருந்து பிரித்து, வெளியிலிருந்து விபிஎன் என்ற பாதுகாக்கப்பட்ட இணைப்பு வழியே மட்டும் எட்டும்படி செய்யுங்கள். வலையமைப்பு வழியே சர்வரை மேலாண்மை செய்யும் ஐபிஎம்ஐ நெறிமுறைக்கான ‘ஐபிஎம்ஐ ஓவர் லேன்’ தெரிவு தேவையில்லை என்றால் அணைத்துவிடுங்கள். அந்த நெறிமுறையின் 2.0 பதிப்பில், உள்நுழைய முயல்பவருக்கே கடவுச்சொல்லின் குறியீட்டை அனுப்பிவிடும் வடிவமைப்புக் குறை இருப்பது 2013-இலேயே வெளிப்பட்டது. நெறிமுறையிலேயே இருக்கும் குறை என்பதால் மென்பொருள் திருத்தத்தால் அதை நீக்க முடியாது.

இவ்வளவும் செய்தபின், மேலாளர் மீண்டும் சிஸ்டம் பாஸ்வேர்ட் வேண்டும் என்று வற்புறுத்தினால், அதற்கும் ஐடிராக் ஒரு வழி தருகிறது. மின்சாரம் வந்ததும் நீங்கள் வீட்டிலிருந்தே விபிஎன் வழியே திரையைத் திறந்து கடவுச்சொல்லை அடிக்கலாம். ஆனால் மின்சாரம் வரும் ஒவ்வொரு முறையும் ஒரு மனிதர் விழித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அப்போதும் மாறுவதில்லை. கிளைகள் ஞாயிற்றுக்கிழமையும் லோடு ஏற்றும் நிறுவனத்துக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

மறந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பவர்எட்ஜ் மதர்போர்டில் கடவுச்சொல்லுக்கென ஒரு ஜம்பர் (முனைகளை இணைக்கும் சிறு செருகி) உண்டு. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்து, அந்த ஜம்பரை இடம் மாற்றி, ஒருமுறை இயக்கினால், சிஸ்டம் பாஸ்வேர்டும் செட்டப் பாஸ்வேர்டும் செயலிழக்கும். அதன்பின் மீண்டும் அணைத்து, ஜம்பரைப் பழைய இடத்தில் வைத்து, புதிய கடவுச்சொற்களை அமைக்க வேண்டும்; ஜம்பரைத் திருப்பி வைக்காமலேயே புதியதை அமைத்தால், அடுத்த துவக்கத்தில் அதுவும் செயலிழந்துவிடும். புரோலயன்ட்களில் ஜம்பருக்குப் பதில் சிறு ஸ்விட்ச் வரிசை இருக்கிறது, அதில் ஐந்தாவது இந்த வேலைக்கானது. மதர்போர்டிலுள்ள பொத்தான் பேட்டரியைக் கழற்றினால் கடவுச்சொல் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். அந்தக் காலம் பெரும்பாலும் போய்விட்டது. அதை நம்பிச் சர்வரைப் பிரித்துப்போடாதீர்கள். கிரப் கடவுச்சொல் மறந்தால், உபுண்டுவில் நிர்வாகியாக நுழைந்து புதிய குறியீட்டை எழுதிக்கொள்ளலாம்.

உங்களுக்கு ஜம்பர் எவ்வளவு எளிதோ, மூடியைத் திறக்க முடிந்த எவருக்கும் அவ்வளவு எளிது. எனவே சர்வரின் மூடியைச் சாவியால் பூட்டுங்கள். அந்தச் சாவியைச் சர்வரின் பின்புறத்திலேயே தொங்கவிடாதீர்கள். நான் பார்க்கச் சென்ற அலுவலகங்களில் பலவற்றில் அது அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது. மூடி திறக்கப்பட்டதைப் பதிவுசெய்யும் வசதி சர்வரில் இருந்தால், அதன் எச்சரிக்கையையும் மின்னஞ்சலுக்கு வரவழையுங்கள்.

கடவுச்சொல்லைக் காப்பது பற்றி என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய மருத்துவமனையில் வட்டுக் கோளாறு ஏற்பட்டு, இரவு பதினொரு மணிக்கு மீட்பு வட்டிலிருந்து சர்வரைத் துவக்க வேண்டியிருந்தது. காப்புப் பிரதி கையில் இருந்தது, மீட்பு வட்டும் இருந்தது. அமைப்புத் திரை கடவுச்சொல் கேட்டது. அதை வைத்த தொழில்நுட்பர் வேலையை விட்டுப் போய் ஓராண்டு ஆகியிருந்தது, அவர் தொலைபேசி எண்ணும் மாறியிருந்தது. ஜம்பர் இருக்கும் இடம் ஓர் அட்டைக்கு அடியில் மறைந்திருந்ததால், கைவிளக்கை ஒருவர் பிடிக்க, மற்றொருவர் கழற்ற, அந்த இரவில் மூன்று மணி நேரம் வீணானது. அதற்குள் ஆய்வகத்தில் நோயாளிகளின் முடிவுகள் தாளில் எழுதப்பட்டுக் கைகளில் அலைந்தன. தவறில் எனக்கும் பங்கு உண்டு: ஆண்டு ஒப்பந்தத்தில் அந்தச் சர்வரைப் பார்த்துவந்த நான், அந்தக் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அன்றிலிருந்து எந்தச் சர்வரை ஒப்புக்கொண்டாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்.

ஆகவே செட்டப் பாஸ்வேர்ட், கிரப் கடவுச்சொல், ஐடிராக் கடவுச்சொல் ஆகிய மூன்றையும் வெவ்வேறாக வைத்து, தாளில் தெளிவாக எழுதி, உறையிலிட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே நீங்களும் மேலாளரும் கையொப்பமிட்டு, நிறுவனப் பெட்டகத்தில் வையுங்கள். பவர்எட்ஜின் செட்டப் பாஸ்வேர்ட் 32 எழுத்துகள் வரை ஏற்கும்; நினைவில் வைக்க வேண்டிய அவசியமில்லாததால் நீளமாகவே வைக்கலாம். அதே உறையில் ஜம்பர் இருக்கும் இடத்தின் படத்தையும், நீங்கள் மாற்றிய அமைப்புகளின் பட்டியலையும் வைத்துவிடுங்கள். உறை பிரிக்கப்பட்டால், அல்லது அதை அறிந்த ஒருவர் வேலையை விட்டுப் போனால், மூன்றையும் மாற்ற வேண்டும். மேலாளர் இதற்கு ஒப்புக்கொண்டால், கடவுச்சொல் வேண்டும் என்ற அவருடைய கோரிக்கையும் முறையாக நிறைவேறியதாகிவிடும்.

இன்னும் ஓர் ஆபத்துக்கு மேலே சொன்ன எதுவும் தடையாகாது. வட்டையே கழற்றி எடுத்துப்போய் வேறு கணினியில் செருகினால், பயாஸும் கிரப்பும் அங்கே இருக்காது. இதற்கு மருந்து வட்டைக் குறியாக்கம் செய்வது மட்டுமே. உபுண்டுவில் லக்ஸ் முறை இருக்கிறது. ஆனால் அதுவும் துவக்கத்தில் ஒரு கடவுச்சொல்லைக் கேட்கும் என்பதால் பழைய சிக்கல் திரும்பி வருகிறது. இதைத் தீர்க்க டாங், கிளெவிஸ் என்ற இணை மென்பொருள்கள் உதவுகின்றன. அலுவலகத்தின் வேறொரு பூட்டிய அறையில் இருக்கும் சிறு கணினியில் டாங் ஓடும். சர்வர் துவங்கும்போது கிளெவிஸ் வலையமைப்பு வழியே அதைத் தொடர்புகொண்டு வட்டைத் திறக்கும். சர்வரையோ வட்டையோ தூக்கிப்போனவரால் டாங்கை எட்ட முடியாது, வட்டும் திறக்காது. மின்சாரம் வரும்போது டாங் கணினியும் ஸ்விட்சும் முதலில் எழுந்திருக்க வேண்டும் என்பதால், ‘ஏசி பவர் ரிகவரி டிலே’ என்ற அமைப்பின் மூலம் சர்வரைச் சற்றுத் தாமதித்து எழச் செய்யுங்கள். லக்ஸ் ஒரே வட்டுக்குப் பல திறவுகளை அனுமதிக்கும். டாங் கெட்டுப்போகும் நாளுக்காக ஒரு நீண்ட கடவுச்சொல்லையும் சேர்த்து, அதையும் அதே உறையில் வையுங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சர்வரைக் குறியாக்கத்துக்கு மாற்றுவது காப்புப் பிரதி எடுத்து மறுபடி நிறுவும் வேலை என்பதால், இதை அவசரப்பட்டு இந்த வாரமே செய்யாதீர்கள்.

மற்றவற்றை, லோடு குறைவாக உள்ள ஒரு ஞாயிறு பிற்பகலில் செய்யலாம். கிளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, காப்புப் பிரதி எடுத்து, அது திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். அமைப்புகள் முடிந்ததும், திரையையும் விசைப்பலகையையும் சர்வரிலிருந்து கழற்றிவிட்டு, யுபிஎஸ்ஸுக்கு வரும் மின்சாரத்தை அணையுங்கள். பேட்டரி குறைந்து உபுண்டு தானே அணைகிறதா, யுபிஎஸ் வெளியீட்டைத் துண்டிக்கிறதா என்று பாருங்கள். மின்சாரத்தைத் திருப்பிப் போட்டபின் சர்வரைத் தொடாமல் அறைக்கு வெளியே வந்து, ஒரு கிளைக்குத் தொலைபேசியில் சொல்லி, ஒரு எல்.ஆர். போடச் சொல்லுங்கள். எத்தனை நிமிடத்தில் அது பதிவானது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் விசைப்பலகையை மீண்டும் செருகி, பென் டிரைவோடு எஃப்11 வழியாகவும், கிரப்பில் ‘இ’ விசை வழியாகவும் நீங்களே உள்ளே நுழைய முயன்று பாருங்கள். இரண்டும் உங்களைத் தடுத்தால், உறையை ஒட்டி மேலாளரிடம் கையொப்பம் வாங்கிவிடலாம்.